செயலாளரின் சுங்கான்

குண்டூசி தன் குற்றச்சாட்டுகளை வரிசை மாறாமல் அடுக்கினார்.

"முதல் குற்றம், அச்சக வாசல்ல நடந்த கேட்டுக் கூட்டத்துல என் பேச்சைப் பாதியில நிறுத்தினது. ரெண்டாவது, வேலைநிறுத்தத்துல கேட்டதுல பாதி கிடைச்சதும் கையெழுத்துப் போட்டது. மூணாவது, முதலாளி அறையில உட்கார்ந்து காபி குடிச்சது. நாலாவது, முதலாளி மாதிரி விலை உசந்த சுங்கான்ல புகை பிடிச்சது. அதுக்குத்தான் இன்னிக்கு விசாரணை."

அச்சகத் தொழிலாளர் சங்கத்தின் செயற்குழு அந்தச் சின்ன அறையில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தது. எதிரே செயலாளர், தலை குனிந்தபடி.

ஆயுள் முழுக்கத் துண்டறிக்கை எழுதியவர் குண்டூசி. எதிரியோ நண்பனோ, குத்தாமல் விட்டதில்லை. பட்டப்பெயர் அப்படி வந்ததுதான். அதில் அவருக்குப் பெருமையும் உண்டு.

"அடுத்த மாசம் ஓய்வுல போறேன். அதுக்குள்ள சங்கத்தைக் கூட்டிப் பெருக்கிடணும். சொல்லுங்க, சுங்கான் கடையில உங்களுக்கு என்ன வேலை?"

"வாங்கப் போனேன், அண்ணே."

"அடேயப்பா, வைரம் வாங்குற மாதிரி இல்ல பார்த்தீங்க! ஒவ்வொண்ணா உள்ளங்கையில வெச்சு கனம் பார்த்து, வெறுமனே உறிஞ்சிப் பார்த்து, வேர்க்கட்டையில கையால கடைஞ்சதாப் பொறுக்கினீங்க. ஜன்னல் வழியா எல்லாம் பார்த்தேன்."

அந்த ஜன்னலில் தான் நின்றதும் அதே சுங்கானுக்காகத்தான் என்பதை அவர் சொல்லவில்லை.

"பிடிக்கிறவருக்குத்தானே அருமை தெரியும்?" என்றார் காசாளர்.

"நான் பிடிக்கிறது விரிசல் விட்டு, கம்பி சுத்தினது. நேத்து இவர் மாடிப்படியில உட்கார்ந்து புதுசுல புகை விட்டார். இல்லேன்னு சொல்லட்டும். முடியலேன்னா பதவியை விட்டு இறங்கட்டும்."

"விட்டேன், அண்ணே." சொல்லிவிட்டுச் செயலாளர் இருமினார்.

காசாளரும் இருமினார். பைண்டிங் அக்காவும் இருமினாள்.

குண்டூசி மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். "நீங்களுமா?"

"முறை போட்டுத்தான்" என்றாள் அக்கா. "புதுச் சுங்கான் கொஞ்ச நாளைக்கு நாக்கைப் பொசுக்குமாம். உள்ளே கரி படிஞ்ச பிறகுதான் சுகமா இருக்கும்னு கடைக்காரர் சொன்னார். வாங்கிக்கப் போற மனுஷன் இதுவரைக்கும் கசந்தது போதும்னு, அந்தக் கசப்பை நாங்க பங்கு போட்டுக்கிட்டோம். எனக்கு இன்னும் எதைத் தின்னாலும் சாம்பலாத்தான் இருக்கு."

"எந்த மனுஷன்?"

செயலாளர் சுங்கானை எடுத்து மேஜைமேல் வைத்தார். "வெள்ளிப் பூண்ல பேர் வெட்டியிருக்கு. இத்தனை பேர் சாட்சியா நீங்களே படிங்க."

முதலாளி பெயராகத்தான் இருக்கும். கையும் களவுமாக மாட்டினான் என்று குண்டூசி கண்ணாடியை மாட்டிக்கொண்டார். கடைசி வரிசைக்கும் கேட்கட்டும் என்று கேட்டுக் கூட்டத்துக் குரலில் படித்தார்:

"நம்ம... குண்டூசிக்கு."