மறைந்த கட்டைகள்

சாலையை மூடிக் கிடக்கும் தண்ணீர் எவ்வளவு ஆழம் என்று டாக்சிக்காரனுக்குப் பிடிபடவில்லை. கலங்கிய தண்ணீர் முழங்காலளவையும் கழுத்தளவையும் ஒரே மாதிரிதான் காட்டுகிறது. வைப்பர் இடமும் வலமும் அடித்துக்கொள்கிறது. ஸ்டியரிங்கில் அவன் விரல்கள் அதைவிட வேகமாகத் தாளம் போடுகின்றன. பக்கத்தில் அவனுடைய அக்கா, வீங்கிய காலைச் செருப்பிலிருந்து உருவிக்கொண்டு கடிகாரத்தைப் பார்க்கிறாள். டயாலிசிஸுக்கு இன்னும் ஒரு மணி நேரம்தான் இருக்கிறது. "இப்பதானேடா ஒரு லாரி போச்சு? நீ என்ன நல்ல நேரம் பாத்துட்டிருக்கியா?" "லாரி டயரே என் இடுப்பு உயரம்க்கா. நம்ம வண்டி மூடி போட்ட டப்பா மாதிரி. முழங்கால் தண்ணியிலயே மிதக்க ஆரம்பிச்சிடும். அப்புறம் தண்ணி இழுக்கிற பக்கம்தான் போகணும்." "சுத்திப் போனா?" "அம்பது நிமிஷம்." சொல்லிக்கொண்டே புறங்கையால் கண்ணாடியின் ஆவியைத் துடைக்கிறான். சாலையோரம் வரிசையாக நிற்கும் வெள்ளைக் கட்டைகள் அப்போதுதான் கண்ணில் படுகின்றன. எல்லாம் ஒரே உயரம். காருக்கு அருகில் நிற்பது அவன் இடுப்புக்கு வரும். தண்ணீருக்குள் போகப் போக அவை குட்டையாகத் தெரிகின்றன. நடுவில் நிற்பதில் நான்கு விரல் அளவுதான் வெளியே தெரிகிறது. அவன் ரிவர்ஸ் கியர் போடுகிறான். "சாஞ்சு உக்காருக்கா, சுத்தியே போயிடலாம்." கட்டை எவ்வளவு மறைந்திருக்கிறதோ, அங்கே தண்ணீர் அவ்வளவு ஆழம்.