தூக்கிய கால்

சுங்குவார்சத்திரம் கால்நடை மருந்தகத்துப் பூவரச நிழலில், நாய் பீமன் முதுகு பலகையாய் இறுகிப் படுத்திருக்கிறது. பின்னங்காலில், அதை வளர்க்கும் கண்ணப்பன் போட்ட மஞ்சள் பத்து காய்ந்து வெடித்திருக்கிறது. "கால் போச்சின்னு ஊரே சொல்லுது டாக்டரம்மா. ஒண்ணுக்குக்கூட குந்திகினுதான் போறான்." "கால் நல்லாத்தான் இருக்கு. முதுகுத் தோலுக்கடியில சவ்வு இறுகிப்போச்சு, அதான் தூக்க முடியல." டாக்டர் எழிலரசி இடுப்புத் தோலை பீடி சுற்றுவதுபோல் விரல்களில் சுருட்டி, மெல்ல உருட்டிக்கொண்டே தோள்வரை போகிறார். பீமன் முனகுகிறது, பிறகு நீளமாகக் கொட்டாவி விடுகிறது. இலை வழி வெயில் அதன்மேல் ஆடுகிறது. சட்டென எழுந்து உடம்பை உதறுகிறது. மஞ்சள்பொடி இருவர் மேலும் பறக்கிறது. நேராக டாக்டரின் ஸ்கூட்டருக்குப் போய், சக்கரத்தருகே காலை உயரத் தூக்குகிறது. கண்ணப்பன் பதறி ஓடுகிறான். "விடுங்க கண்ணப்பன்," டாக்டர் கைகொட்டிச் சிரிக்கிறார், "முழுசா போகட்டும்!"