ஹாரன் சத்தம்

மனைவி கலாமணிக்கு நெஞ்சு வலித்ததும், நோயாளிகளை ஏற்றிப்போக வரும் ஆஸ்பத்திரி சைக்கிளுக்குக் காத்திராமல், ஆசையாய்த் துடைத்து வைத்திருந்த பழைய காரில் அவளை ஏற்றிக் கிளப்பிவிட்டார் ஞானவேல். காந்திபுரத்தில் கார் ஓடி ஒரு தலைமுறை ஆகிவிட்டது. வீதி முழுக்க நடப்பவர்களும் சைக்கிள்களும்தான்.

ஹாரனை அழுத்தினார். ஒருவரும் விலகவில்லை. என்ன சத்தமென்று பார்க்க ஓடிவந்து காரைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"ஐயா, இன்னொருக்கா அடிங்க!" என்றாள் சைக்கிளில் வந்த ஒரு பெண்.

அடிக்க அடிக்கக் கூட்டம் பெருகியது. கலாமணிக்கு வியர்த்துக் கொட்டியது.

"ஏனுங்க, அதை விடுங்க. கண்ணாடிய எறக்கி, வாயத் தொறந்து கேளுங்க."

கண்ணாடியை இறக்கினார். அத்தனை முகங்களும் அவரையே பார்த்தன. வீதியில் போகிறவர்களிடம் அவர் ஒருநாளும் பேசியதில்லை.

கை மறுபடி ஹாரனுக்குப் போனது.

கூட்டம் கைதட்டியது.