‘கணக்கு’ன்னு ஒரு ஃபைல்

"முதலாளி கம்ப்யூட்டர்ல திருட்டுத்தனமா எதையோ ஏத்தியிருக்கா. அண்ணாச்சி வரட்டும், இன்னைக்கே இவளை வேலையை விட்டு நிறுத்தச் சொல்லுதேன்" என்றார் மேனேஜர் சுந்தரராஜ்.

தூத்துக்குடி துறைமுகத்துக்குப் போகிற வழியில் இருந்தது கப்பல் சரக்குக்குச் சுங்க வேலைகளை முடித்துக் கொடுக்கும் இசக்கியப்பன் அண்ணாச்சியின் கிளியரிங் ஏஜென்சி. அங்கே டைப்பிஸ்டாக இருக்கும் செல்வராணியைத்தான் அவர் சொன்னார்.

கம்ப்யூட்டர்களைச் சோதிக்க வந்திருந்த ஜெஸ்டின் திரையைக் காட்டினான். "ஃபைல் பேரு ‘கணக்கு’. ஆனா உள்ள கணக்கு இல்ல சார்."

"பின்ன? வேவு பாக்குற சாஃப்ட்வேரா?"

"பாத்துருவோம். பேரை மாத்துனாலும் ஹாஷ் மாறாது. அது ஃபைலோட கைரேகை மாதிரி. தெரிஞ்ச சாஃப்ட்வேரோட கைரேகை எல்லாம் ஏற்கெனவே எடுத்து வச்சிருக்காங்க. ஒத்துப் பாத்தா குட்டு வெளிப்பட்டுரும்."

சுந்தரராஜ் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஆபீஸே அவர் முதுகுக்குப் பின்னால் வந்து எட்டிப் பார்த்தது.

ஜெஸ்டின் சிரித்தான். "ஆபத்து ஒண்ணும் இல்ல. கண்ணு தெரியாதவங்களுக்கு ஸ்கிரீன்ல இருக்கறதை வாசிச்சுச் சொல்லுற சாஃப்ட்வேர். இலவசம்தான்."

"இங்க யாருக்குக் கண்ணு தெரியல?"

"எனக்குத்தான் சார் கண்ணு வலிக்கும்" என்றாள் செல்வராணி. "அண்ணாச்சி இல்லாத நேரம் பாத்து..."

"அவரு சீட்லயே உக்காருதியா? கிளம்பு நீ."

அந்நேரம் அண்ணாச்சி உள்ளே வந்தார். வெளிநாட்டுக் கப்பல் கேப்டன்களையே இங்கிலீஷில் வாயடைக்கிற மனுஷர். நடந்ததைக் கேட்டார். செல்வராணியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் வயிறு குலுங்கச் சிரித்தார்.

தன் கம்ப்யூட்டரில் ஒரு மெயிலைத் திறந்து, ஸ்பீக்கர் சத்தத்தைக் கூட்டினார்.

"டியர் மிஸ்டர் ஐசக்கி ஆப்பன்..." என்று வெள்ளைக்காரக் குரல் ஒன்று வாசிக்க ஆரம்பித்தது.

ஆபீஸ் சிரித்து உருண்டது. ஜெஸ்டின் மேஜையைப் பிடித்துக்கொண்டான்.

"தெனமும் என்னைய ஆப்பமாக்கிருதுவே" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார் அண்ணாச்சி. "சுந்தரராஜ், அந்தப் பிள்ளைய விடும். கப்பல்காரன்கிட்ட பேசிப் பேசி வந்த இங்கிலீஷ் என்னோடது. ஒரு எழுத்து வாசிக்கத் தெரியாது எனக்கு. அது உங்க யாருக்கும் தெரிஞ்சிரக் கூடாதுன்னுதான் பேரை மாத்தி வச்சிருக்கா."