இரண்டாவது ஆள்

"எண்ணூறு மீட்டர்ல இந்தத் தடவை ரெண்டு பேர் சேட்டா."

மூத்தோர் தடகளப் போட்டிக்கு நம்பர் கொடுக்கும் மேஜையில் இருந்த பெண் சாதாரணமாகத்தான் சொன்னாள். கிழவர் பைலி நம்பரை வாங்காமல் அவள் கையிலிருந்த பட்டியலை எட்டிப் பார்த்தார்.

எழுபத்தைந்து வயதுக்கு மேற்பட்டோர் பிரிவில் நாலு வருஷமாக கோட்டயம் ஜில்லாவுக்கே அவர்தான் தங்கம். பேப்பரில் போட்டோ வந்தது. சர்ச்சில் பாதிரியார் எல்லோர் முன்னாலும் பொன்னாடை போர்த்தினார். ஜங்ஷன் பையன்கள் இந்த வருஷம் ஒரு படி மேலே போய், 'ஐந்தாவது தங்கம்' என்று நேற்றே பிளெக்ஸ் கட்டிவிட்டார்கள்.

எத்தனை பேரோடு ஓடி ஜெயித்தீர்கள் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மாட்டியிருப்பார். நாலு வருஷமும் ஓடியது அவர் ஒருத்தர்தான். பெண்டாட்டி ஏலிக்குட்டிக்குக்கூடத் தெரியாது.

இன்றைக்கு இரண்டு பேரில் இரண்டாவதாக வந்தால் கடைசி என்றுதானே அர்த்தம்? ஊரில் எந்த முகத்தோடு பஸ்ஸை விட்டு இறங்குவது?

புதிதாக வந்தவர் மரத்தடியில் உட்கார்ந்து முட்டிக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். பேர் சாத்துக்குட்டியாம். வயநாட்டில் காப்பித் தோட்ட மேஸ்திரியாக இருந்தவராம். இங்கே கட்டிக்கொடுத்த மகள் வீட்டு விலாசத்தில் பேர் கொடுத்திருக்கிறார். கெண்டைக்கால் இரண்டும் கல் மாதிரி இருந்தன. ஒரு மெடலுக்காக ஜில்லா விட்டு ஜில்லா வந்து குதிக்கிறானே மனுஷன் என்று பைலிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஆனாலும் பல்லெல்லாம் தெரியச் சிரித்தபடி பக்கத்தில் போய் உட்கார்ந்தார். சாயா வாங்கிக் கொடுத்தார். பிள்ளைகள், சர்க்கரை, பிரஷர் எல்லாம் விசாரித்தார். பிறகு மெதுவாக விஷயத்துக்கு வந்தார்.

"அஞ்சு கிலோமீட்டர் நடைப் போட்டி இருக்கில்ல, அதுல நம்ம வயசுல ஒருத்தர்கூடப் பேர் கொடுக்கல. அதுக்கு மாறிட்டீங்கன்னா உங்களுக்குத் தங்கம் நிச்சயம். இங்க எதுக்கு நாம ரெண்டு பேரும் முட்டிக்கணும்?"

"இதுல ஓடணும்னுதான் வந்தேன் சேட்டா."

பைலி வெட்கத்தை விட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "ஊர்ல பிளெக்ஸே கட்டிட்டாங்க. என் மானத்தைக் காப்பாத்துங்க."

 சாத்துக்குட்டி சாயாவைக் குடித்து முடித்துவிட்டு, மேஜைக்குப் போய்ப் பேரை நடைப் போட்டிக்கு மாற்றிக்கொண்டு வந்தார்.

பைலி வழக்கம்போல் தனியாக ஓடினார். கடைசி வளைவில் மூச்சு வாங்கியபோது நடக்கவும் செய்தார். கைதட்டினார்கள், மெடல் போட்டார்கள், போட்டோ பிடித்தார்கள்.

அவர் பிரியாணி சாப்பிட்டுவிட்டு வந்து பார்க்கும்போதும் சாத்துக்குட்டி வெயிலில் தன்னந்தனியாகச் சுற்றிக்கொண்டிருந்தார். பன்னிரண்டரைச் சுற்று. பைலிக்கு என்னவோ உறுத்தியது. அதனால் என்ன, அந்த ஆளுக்கும் தங்கம் கிடைக்கிறதே, நல்லதுதானே செய்தோம் என்று மனசைத் தேற்றிக்கொண்டார்.

மெடலோடு திரும்பியவரின் தோளைத் தட்டினார். "பாத்தீங்களா, நான் சொன்னபடியே தங்கம்."

"ஆமா சேட்டா. இது ஏழாவது." சாத்துக்குட்டி மெடலைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டார். "எங்க ஜில்லாவுல ஆறு வாங்கியிருக்கேன். ஆறும் தனியா ஓடி வாங்கினதுதான். என் வயசுக்கு அங்க வேற ஆளே இல்ல."

  பைலி தன் கழுத்தில் கிடந்த மெடலை அவசரமாகச் சட்டைக்குள் தள்ளினார்.

"உங்க போட்டோவை பேப்பர்ல பாத்தேன். கோட்டயத்துல என்கூட ஓட ஆளிருக்கும் போல, சாகறதுக்குள்ள ஒரு தடவையாவது யார்கிட்டயாவது தோத்துப் பாக்கலாம்னுதான் சேட்டா வந்தேன்."