கொம்புக்குள் இருந்தது

கம்பி ரம்பம் கொம்பின் அடியில் இறங்கியது. மாட்டின் கழுத்தில் முழங்காலை ஊன்றி அழுத்திக்கொண்டிருந்தேன்.

நாலு காலையும் கட்டிச் சாய்த்திருந்தோம். மரத்துப்போக ஊசி போட்டாயிற்று, வலிக்காது என்றார் மாட்டு டாக்டர். வலி மாட்டுக்கு. அவருக்கு எப்படித் தெரியும்?

கம்பவுண்டர் கம்பியை இங்கிட்டும் அங்கிட்டும் இழுத்தான். எலும்பு கருகும் வாடை வந்தது. கொம்புத் தூளோடு ரத்தம் என் வேட்டியில் அடித்தது.

குடுமியான்மலையிலிருந்து டவுன் மாட்டாஸ்பத்திரி வரைக்கும் இதை நடத்தியே கொண்டுவந்திருந்தேன். மாடு பிழைப்பதற்காக இல்லை. எனக்கு ஒரு சீட்டு வேண்டும். அடிபட்டுத்தான் கொம்பு கெட்டது என்று டாக்டர் கையால் எழுதின சீட்டு.

வக்கீல் சொல்லிவிட்டார். வாயில்லாச் சீவனின் கொம்பைச் செத்தவன் அடித்து உடைத்தான், அந்த ஆத்திரத்தில் இவன் வெட்டினான் என்று காட்டினால் என் மகன் வீரய்யாவுக்குத் தூக்கு விழாதாம்.

வெட்டுப்பட்டவன் சோலையப்பன். பக்கத்துக் கடலைக் கொல்லைக்காரன். முதல் வெட்டு தோளில். தடுத்த கையில் இரண்டாவது. மூன்றாவது கழுத்தில் இறங்கியதும் கடலைச் செடிக்கு நடுவே உட்கார்ந்தான். உட்கார்ந்தபடியே போய்விட்டான்.

நான் வரப்பில் நின்றேன். தடுக்கவில்லை. வேண்டியதுதான் என்று நினைத்தேன்.

எங்கள் மாடு அவன் கடலையில் வாய்வைத்த அன்றைக்கே அதன் மூக்கில் ரத்தம் ஒழுகியது. நாலு நாளில் கொம்பு ஒரு பக்கமாய்ச் சாய்ந்தது. சோலையப்பன் கம்பால் அடித்துவிட்டான் என்று ஊரே பேசியது.

கொம்பு கழன்று மண்ணில் விழுந்தது.

உள்ளே எலும்பைக் காணோம். கோழிக்கொண்டைப் பூப்போல மடிப்பு மடிப்பாய்ச் சதை. சீழ் நாற்றம். கம்பவுண்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

டாக்டர் இடுக்கியால் அதைக் குத்திக் காட்டினார்.

"பெரியவரே, கட்டியில ரெண்டு தினுசு இருக்கு. கழலைன்னா இருந்த எடத்துலயே பெருக்கும், பக்கத்தத் தின்னாது. இது புத்து. சதை தன்னால தாறுமாறா வளந்து எலும்பையே தின்னுருச்சு. ஆறு மாசமா உள்ளயே இருந்திருக்கு. இது யாரும் அடிச்சு வந்ததில்ல."

கழலையாம், புற்றாம். படித்தவனுக்கு எதற்கும் ஒரு பேர் கிடைத்துவிடுகிறது. சோலையப்பன் வீட்டார் முந்திக்கொண்டு இவரைப் பார்த்துவிட்டார்கள் என்று நினைத்தேன்.

நானே விரலை விட்டுப் பார்த்தேன். எத்தனையோ மாட்டின் ஒடிந்த கொம்பைப் பார்த்தவன் நான். அடி என்றால் சில்லு இருக்கும், விரிசல் இருக்கும். சில்லு இல்லை. விரல் மெத்தென்று புதைந்து, மண்டைக்குள் வரைக்கும் போனது.

"அடிச்சதுன்னே எழுதுங்கய்யா. எம் மகன் தூக்குக்குப் போறான்."

"செத்தவனும் எவனோ பெத்த மகன்தான்" என்றார். விரலைத் துடைக்கத் துணியை என்னிடம் போட்டார். "அவன் அடிச்சான்னு ஒங்களுக்கு யாரு சொன்னா?"

"ஊருல சொன்னாங்க."

ஊருக்குச் சொன்னது நான். சோலையப்பன் தன் கொல்லையில் கம்போடு நின்றான். நான் பார்த்தது அவ்வளவுதான்.

வீரய்யா மட்டும் நம்பவில்லை. சோலையப்பன் மாமா மாட்டை அடிக்கிற ஆள் இல்லை என்று இரண்டு நாள் சொல்லிக்கொண்டிருந்தான். மூன்றாம் நாள் சோற்றைத் தள்ளிவைத்துவிட்டு என் முகத்தையே பார்த்தான். அடித்ததை உங்கள் கண்ணால் பார்த்தீர்களா என்று கேட்டான்.

பார்த்தேன் என்றேன்.