குண்டு எழுத்து

காலையிலிருந்து அச்சகக் கணினியில் தமயந்தி அந்தக் குண்டு எழுத்தோடுதான் மாரடித்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு கோட்டின் முனையிலும் பட்டையாகப் பாதம் வைத்து, பழைய சோடா லேபிளிலிருந்து இறங்கி வந்ததுபோல நிற்கும் எழுத்து. பிரியாணிக் கடைத் திறப்புக்கும் அதுதான், பூப்பு நீராட்டு விழாவுக்கும் அதுதான், கண்ணீர் அஞ்சலிக்கும் அதுதான். மெல்லப் பேசத் தெரியாத எழுத்து. பார்த்துப் பார்த்து அவளுக்குக் கண் எரிந்தது.

காணாமல்போன தன் அப்பாவுக்காக நோட்டீஸ் அடிக்க வந்தவரும் அதையே கேட்டார்.

“இதுக்கு அது வேணாம் சார். ஏதோ தள்ளுபடி நோட்டீஸ்னு நெனச்சு யாரும் படிக்க மாட்டாங்க. சாதா எழுத்துல போடறேன்.”

“ஊர்க்காரங்களுக்கு இல்ல மேடம். அப்பா படிக்கணும்.” போனை நீட்டினார். படத்தில் அதே குண்டு எழுத்தில் ஒரு பலகை: எட்வின் சலூன். “எங்க கடை போர்டு. என் மூஞ்சியே அவருக்கு மறந்துபோச்சு. இந்த எழுத்தைப் பாத்தா மட்டும் தானா கதவைத் தள்ளிட்டு உள்ள வந்துடுவாரு. ‘காணவில்லை’ வேணாம், போட்டோவும் வேணாம். கடைப் பேரும் கடைக்கு வழி காட்டற ஒரு அம்புக்குறியும் போதும்.”

தமயந்தி தாளின் இரண்டு ஓரங்களையும் தொடும்வரை பெயரை இழுத்துப் பெரிதாக்கினாள். அப்படியும் அந்த எழுத்து கத்துவது போதாதென்று தோன்றியது.

“நூறு காப்பி. அம்பு எத்தனைல லெஃப்ட்டு, எத்தனைல ரைட்டு சார்?”

அவர் வாசலில் நின்று சாலையின் இரண்டு முனைகளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.